ஒரு தட்டு மீ கோரேங்கும் அதன் கணக்கும்

உணவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன் என்று நம் ஆண்டிதழின் ஆசிரியர் குழுவிடம் சொன்னபோது, "சங்க இலக்கியத்தில் உணவு முறையா?" என்று கேட்டார்கள். இல்லை, பூச்சோங்கில் ஓர் ஒட்டுக்கடையில் கிடைக்கும் மீ கோரேங் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர், "அதில் எழுத என்ன இருக்கிறது? சாப்பிட வேண்டியதுதானே!" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாசகர்களே, மீ கோரேங் சாப்பிடாத மலேசியத் தமிழர் யாரேனும் உண்டா? பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டிருப்போம். பிறந்தநாள் விருந்தில் பெரிய அலுமினியத் தட்டில் ஆறிப்போனதைச் சாப்பிட்டிருப்போம். நள்ளிரவுக் காற்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டே மாமாக் கடையில் சாப்பிட்டிருப்போம். நமக்கு அது அவ்வளவு பழகிப்போன உணவு. ஆனால் அந்தத் தட்டு நம் மேசைக்கு வருவதற்குள் எத்தனை கைகள் அதைத் தொடுகின்றன, ஏழு வெள்ளிக்கு அதை எப்படிக் கொடுக்க முடிகிறது என்பதையெல்லாம் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 2021ஆம் ஆண்டு வரை நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் பூச்சோங்கில் பிறந்து வளர்ந்தவள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்றேன். தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த தோழியின் குடும்பம்தான் அந்தக் கடையை நடத்தி வருகின்றது. அவளுடைய அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும் அழைத்தே பழகிவிட்டேன். கோவிட்-19 தொற்றினால் எங்கள் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. தேர்வு முடிந்து, ஜூன் மாதம் முடிவு வரும் வரை வீட்டில் சும்மா இருந்தேன். "வாம்மா, பொட்டலம் கட்ட ஆளில்ல" என்று அத்தை கூப்பிட்டார். போனேன். அதுவரை மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவள், முதன்முதலாக அடுப்பின் அந்தப் பக்கம் நின்றேன்.

கடையின் பெயரையும் இடத்தையும் எழுத வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் கூடினால் அவரால் சமாளிக்க முடியாதாம்!

பெயர் இல்லாவிட்டாலும் பூச்சோங்வாசிகளுக்கு அப்படிப்பட்ட கடை எப்படி இருக்கும் என்று தெரியும். சாலையோரத்தில் ஒரு மரம். மரத்தடியில் தகரக் கூரை, மழைச் சாரலுக்கு நீலத் தார்ப்பாய். ஆறு மேசைகள், சிவப்பு நெகிழி நாற்காலிகள். முன்னால் தள்ளுவண்டியில் ஒரு பெரிய குவாலி, பக்கத்தில் எரிவாயுத் தோம்பு. மாலை நான்கு மணிக்குத் திறந்து இரவு பதினொரு மணிக்கு மூடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. பூச்சோங் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமும் பால்மரத் தோட்டமுமாக இருந்த இடம். 1999-இல் டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016-இல் எல்.ஆர்.டி. ரயிலும் வந்து சேர்ந்தது. இடையில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மாமாவும் தோட்டத்தில் பிறந்தவர்தாம். தோட்டம் கைமாறியபோது குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தது. பால்மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கு அடுக்குமாடியில் என்ன வேலை? மாமா ஒரு மாமாக் கடையில் குவளை கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே குவாலி பிடித்த பாய் ஒருவரிடமிருந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். "கத்துக் கொடுத்தாருன்னு சொல்ல முடியாது. அளவெல்லாம் வாயைத் திறந்து சொல்லவே மாட்டாரு. நான்தான் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்பார்.

பெயரும் பிறப்பும்

'மீ' என்பது ஹொக்கியன் சீனர்களின் சொல். 'கோரேங்' என்பது பொரித்தல், வறுத்தல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். ஆனால் நாம் சாப்பிடும் சிவந்த, காரமும் இனிப்பும் கலந்த மீ கோரேங்கை இந்நாட்டில் உருவாக்கியவர்கள் சீனரும் அல்லர்; மலாய்க்காரரும் அல்லர். கடையநல்லூர், இராமநாதபுரம் போன்ற ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள் அதை உருவாக்கினார்கள். தோளில் காவடி போலத் தடி சுமந்து சோறு விற்றவர்களும் அவர்களே. அந்தத் தடியின் மலாய்ப் பெயரால்தான் 'நாசி கண்டார்' என்னும் பெயர் வந்தது. துறைமுகத்தில் பக்கத்துக் கடையில் சீனர் மஞ்சள் மீயை விற்றார். அதை வாங்கித் தம் மிளகாய் விழுதில் புரட்டி எடுத்தார்கள் நம்மவர்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 'மாமாக்' என்னும் சொல் நம் 'மாமா' என்னும் உறவுச் சொல்லிலிருந்து வந்தது. மலாய் மொழியில் உள்ள 'கெடாய்' நம் 'கடை'யிலிருந்து சென்றது. ஆகவே மலாய்க்கார நண்பர் ஒருவர் 'கெடாய் மாமாக்'குக்குப் போகலாம் என்று நம்மை அழைக்கும்போது, அத்தொடரின் இரண்டு சொற்களும் தமிழே! இடைநிலைப்பள்ளியில் என் மலாய்த் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மலாய் ஆசிரியையிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, அன்று எனக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தாள்.

தட்டில் உள்ள பொருள்களும் அப்படித்தான். மீயின் தாயகம் சீனம். அங்கே லாஜியா என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் பழமையான தினை மீயைப் பற்றி 2005-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ஐரோப்பியர் கப்பல்களில் ஏறி 16ஆம் நூற்றாண்டு முதலே ஆசியாவில் பரவின. தவ்வும் கிச்சாப்பும் சீனரிடமிருந்து வந்தவை. ஆக, மீ கோரேங் தட்டில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே குடியேறிகள்தாம். அதைக் கிளறுபவரும் குடியேறிகளின் பேரன்.

தமிழ்நாட்டில் இது பரம்பரை உணவு அன்று. அங்கே இதற்கு நெருங்கிய உறவு என்று கொத்துப் பரோட்டாவைச் சொல்லலாம். இலங்கையில் கொத்து ரொட்டி. சுவையை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. ஓசையை வைத்துச் சொல்கிறேன். கல்லில் தட்டும் ஓசையே அங்கே வாடிக்கையாளரை அழைக்கும். மாமாவும் அப்படியே. குவாலியின் விளிம்பில் சட்டுவத்தை இரண்டு முறை தட்டுவார். அடுக்குமாடியின் நான்காம் மாடி வரை அது கேட்கும்.

மஞ்சள் மீயின் குணம்

மீ ஏன் மஞ்சளாக இருக்கிறது? முட்டை சேர்ப்பதனால் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். சந்தையில் விற்கும் மஞ்சள் மீயில் பெரும்பாலும் முட்டை இருப்பதில்லை. கோதுமை மாவுடன் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப் பொருள்களைச் சேர்த்துப் பிசைகிறார்கள். கோதுமையில் இயல்பாக உள்ள ஃபிளவனாய்டு என்னும் நிறமிகள் காரத்தில் மஞ்சளாக மாறுகின்றன. நிறத்தைக் கூட்டச் சாயம் சேர்ப்பவர்களும் உண்டு. அதே காரம் மாவின் புரதத்தை இறுக்குவதனால்தான் மீ நொறுங்காமல் இழுபடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பொட்டலத்தைத் திறந்ததும் ஒரு மாதிரியான வாடை அடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். ஆகவே பாட்டி மீயைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்து வடிகட்டுவார். முக்குவது ஒரு கணம்தான். அதிகமானால் மீ ஊறிக் குழைந்துவிடும். முதல் வாரத்தில் நான் ஒரு கூடை மீயைக் குழைத்துவிட்டேன். பாட்டி என்னைத் திட்டவில்லை. அந்த மீயை எங்கள் எல்லாருக்கும் இரவுச் சாப்பாடாகப் போட்டார். அதுவே போதுமான தண்டனையாக இருந்தது.

மாமா அன்றன்றைக்குத் தேவையான மீயை மட்டுமே வாங்குவார். பழைய மீயைத் தொடவே மாட்டார். அதற்கொரு காரணம் சொல்வார். 1988-இல் பேராக் மாநிலத்தில் 'லோ சீ ஃபன்' என்னும் அரிசி மீயைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்துபோனார்கள். பூஞ்சை நச்சும், கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்ட போரிக் அமிலமும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அப்போது மாமா பள்ளிச் சிறுவன். அதன்பின் தம் அம்மா பல மாதம் வீட்டுக்குள் மீயையே விடவில்லை என்பார். அந்த அம்மாதான் இன்று மீயை முக்கி எடுக்கும் பாட்டி.

நெருப்பு

மிளகாய் விழுது அத்தையின் பொறுப்பு. காய்ந்த மிளகாயை இரவே ஊறவைத்து, விதை களைந்து, பூண்டுடன் அரைத்து, எண்ணெய் பிரியும் வரை வதக்குவார். அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் சேர்ப்பார். அதனால் விழுது மீயை விட்டு வழியாமல் ஒட்டிக்கொள்கிறது. வதக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் குவாலியில் மீ இருப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

அந்த மூன்று நிமிடத்தை விளக்க முயல்கிறேன். குவாலி புகையும் வரை காயும். எண்ணெய், பூண்டு, விழுது. பிறகு அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த தவ்வு, இறால் வடைத் துண்டுகள். அதன்மேல் மீ, கிச்சாப், தக்காளிச் சாறு. எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றுவார். முட்டை பாதி வெந்ததும் மீயை அதன்மேல் புரட்டுவார். கடைசியில் சாவிக் கீரையும் தவ்கே எனப்படும் பயற்று முளையும். இவை வேகக்கூடாது, வாடினால் போதும். தட்டில் கொட்டி, ஒரு துண்டு எலுமிச்சை வைப்பார். அவ்வளவுதான்.

இதில் இரகசியம் பொருளில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல்தான் மாவிலும் முட்டையிலும் உள்ள புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்தப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. மெய்லார்டு வினை என்று வேதியியலில் படிக்கின்றோமே, அதுதான். நீரோ 100 பாகையிலேயே கொதித்துவிடும். குவாலியில் ஒரே நேரத்தில் ஐந்து தட்டு மீயைக் கொட்டினால், அதிலுள்ள ஈரம் ஆவியாவதற்கே வெப்பமெல்லாம் செலவாகிவிடும். மீ வறுபடாது, வேகும். கல்யாண வீட்டு மீ கோரேங் ஏன் கடை மீ போல இருப்பதில்லை என்பதற்கு இதுவே விடை. மாமா ஒரு முறைக்கு இரண்டு தட்டுக்கு மேல் போடமாட்டார். வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் இரண்டுதான். அந்தப் புகை மணத்தைக் கண்டோனியச் சீனர் 'வொக் ஹேய்' என்பார்கள். குவாலியின் மூச்சு எனலாம்.

குவாலியை ஆட்டித் தூக்கிப் போடுவதைப் பற்றி அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சீன உணவகச் சமையல்காரர்கள் சோறு வறுப்பதைப் படமெடுத்து அளந்தார்கள். ஏறத்தாழ ஒரு விநாடியில் மூன்றிலொரு பங்குக்கு ஒரு முறை குவாலி முன்னும் பின்னும் போய் வருகிறது. அப்படித் தூக்கிப் போடுவதனால்தான் உணவு கருகாமல் அவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறது. அவர்களை இந்த ஆய்வுக்குத் தூண்டிய காரணங்களுள் ஒன்று, அச்சமையல்காரர்களிடையே பரவலாக உள்ள தோள்வலி. அதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று மாமாவின் நினைவு வந்தது. அவரால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை மாட்டும்போது முதலில் வலக்கையை நுழைத்துவிட்டுத்தான் இடக்கை.

ஏழு வெள்ளிக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் நான்காம் ஆண்டு படித்தபோது அந்தக் கடையில் ஒரு தட்டு நான்கு வெள்ளி. இன்று ஏழு. ஆறரையிலிருந்து ஏழாக ஏற்றிய அன்று, பல்லாண்டு வாடிக்கையாளர் ஒருவர் ஐம்பது காசுக்காகக் குரலை உயர்த்திவிட்டுப் போனார். ஒரு வாரம் வரவில்லை. பேரங்காடியில் பதினைந்து வெள்ளிக்குக் காப்பி குடிக்கும்போது நாம் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஒட்டுக்கடை என்றால் மட்டும் மலிவாக இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம். இதில் நானும் அடக்கம். கடையில் வேலை செய்வதற்கு முன் எத்தனையோ முறை "இன்னும் கொஞ்சம் தவ்வு போடுங்க மாமா" என்று இலவசமாக வாங்கித் தின்றவள்தானே!

என் தோழி இப்போது வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயில்கிறாள். போன விடுமுறையில் மீ பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளின் பின்பக்கத்தில் கடையின் கணக்கைப் போட்டுக் காட்டினாள். அவள் அனுமதியுடன் தருகிறேன்.

ஒரு தட்டுக்கு மீ, முட்டை, தவ்வு, காய்கறி, எண்ணெய், விழுது எல்லாம் சேர்த்து 3 வெள்ளி 20 காசு. எரிவாயு, இடத்துக்கு வாடகை, உரிமம், பொட்டலத்தாள், வண்டிக்கு எண்ணெய் என 90 காசு. ஏழிலிருந்து கழித்தால் 2 வெள்ளி 90 காசு மிஞ்சும். ஒரு நாளைக்குச் சராசரி 90 தட்டு விற்கிறது. ஆக 261 வெள்ளி. மாதத்தில் 26 நாள் என்றால் 6,786 வெள்ளி. கேட்பதற்கு நல்ல வருமானம்தான். நானும் "பரவாயில்லையே!" என்றேன்.

"பொறு" என்றாள் அவள். இந்நாட்டில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சட்டப்படி வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. மாமாவும் அத்தையும் சந்தைக்குப் போவதிலிருந்து குவாலியைக் கழுவிக் கவிழ்ப்பது வரை நாளைக்குப் பதினொரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் உழைக்கிறார்கள். 66 மணி நேரம். மிகை நேர விகிதம்கூட வேண்டாம், சாதாரண விகிதத்திலேயே கணக்கிட்டால் ஓர் ஆளுக்கு மாதம் 2,493 வெள்ளி கொடுக்க வேண்டும். பாட்டியை அரை ஆளாக எடுத்துக்கொண்டு, இரண்டரை ஆளுக்கு 6,233 வெள்ளி. மிச்சம் 553 வெள்ளி. அதுதான் கடையின் உண்மையான இலாபம்.

பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாட்டிக்கு இது காதில் விழுந்துவிட்டது. "என்னடி, நான் அரை ஆளா?" என்றார். ஐந்து மணிக்கு எழுந்து மீ வரும் வரை காத்திருப்பது யார், உருளைக்கிழங்கு உரிப்பது யார், தட்டுக் கழுவுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோழி ஒன்றும் பேசாமல் அந்த அரையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். மூன்று ஆளுக்கு 7,480 வெள்ளி. கடைக்கு மாதம் 694 வெள்ளி நட்டம்.

வாரக் கடைசியில் பணப்பெட்டியில் உட்காரும் தோழியின் உழைப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. 2021-இல் நான் பொட்டலம் கட்டியதற்குக் கிடைத்த ஊதியமும், நாளைக்கு முப்பது வெள்ளியும் ஒரு தட்டு மீயும், இதில் இல்லை.

ஆகவே நண்பர்களே, ஏழு வெள்ளி மீ கோரேங் மலிவானது அன்று. அதன் விலையில் ஒரு பகுதியை நாம் கொடுக்கிறோம். மீதியை அந்தக் குடும்பம் தன் கையிலிருந்து, சரியாகச் சொன்னால் தன் தோளிலிருந்து, கொடுக்கிறது. குடும்பக் கடைகளின் கைமணம் என்று நாம் பாராட்டுகின்றோமே, அந்த மணத்துக்குக் காரணம் ஒரு முறைக்கு இரண்டு தட்டு என்னும் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் சாத்தியமாவதற்குக் காரணம், காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் சம்பளம் கேட்பதில்லை என்பதே.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மேலே உள்ள கணக்கில் அதற்கு இடம் எங்கே? வெளிநாட்டுத் தொழிலாளர் என்றால் அது வேறு சிக்கல். புகழ்பெற்ற உள்ளூர் உணவுகளை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது என்று பினாங்கு மாநிலம் 2016-இல் விதி கொண்டுவந்தது. சுவை மாறிவிடக்கூடாது என்பது நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் குவாலியைப் பிடிக்க முன்வருகிறார்களா என்பதை எந்த விதியாலும் முடிவு செய்ய முடியாது.

பாராட்டுகளுக்குக் குறைவில்லை. சிங்கப்பூரின் அங்காடிக் கடைப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவை அடங்கிய மலேசியாவின் காலை உணவுப் பண்பாடும் அவ்வாறே சேர்க்கப்பட்டது. இச்செய்தியை அத்தையிடம் சொன்னேன். "மீ கோரேங் இல்லையா?" என்று கேட்டார். அது காலை உணவு இல்லை அத்தை என்றேன். "யார் சொன்னது? உங்க மாமா தெனமும் காலைல பழைய மீதான் சாப்பிடுறாரு" என்றார்.

இத்தனைக்கும் நடுவே இக்கடை 2020-இல் ஏறக்குறைய மூடப்பட்டே விட்டது. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது. விநியோகச் செயலிகள் கேட்ட தரகைக் கொடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. மாமா பழைய மோட்டார் சைக்கிளில் தாமே அடுக்குமாடி அடுக்குமாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மீ கோரேங் ஆறினால் குழைந்துவிடும். அதனால் ஒரு பயணத்துக்கு நான்கு பொட்டலம்தான். அதிலும் பிடிவாதம்!

அடுத்து யார்?

கடைக்கு வரும் எல்லா இனத்தவரும் மாமாவை 'ஆனே' என்றே அழைப்பார்கள். அண்ணே என்பதன் திரிபு. "ஆனே, மீ கோரேங் சத்து, தவ்கே தா மாவ், தாபாவ்!" என்று ஒரு சீனர் சொன்னால், அந்த ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் சீனமும் இருக்கும். அவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: "ஆனே, மகன் இல்லையா? உங்களுக்குப் பிறகு யார்?"

மாமாவுக்கு மகன் இல்லை. இரண்டு மகள்கள். மூத்தவள் என் தோழி. இளையவள் படிவம் மூன்று. "மகள் செய்வாளா?" என்று நான் இருந்த நாள்களில் ஒருவரும் கேட்டதில்லை. குவாலி பிடிப்பது ஆண்களின் வேலை என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. வீட்டில் சமைப்பது பெண், கடையில் சமைப்பது ஆண் என்னும் இந்தப் பங்கீடு எனக்கு என்றுமே புரிந்ததில்லை. என் தோழி படிவம் நான்கிலேயே நன்றாக மீ பிரட்டுவாள். அவளிடம் ஒரு வேறுபாடு உண்டு. மாமாவைப் போல் குவாலியை ஆட்டமாட்டாள். சட்டுவம் இரண்டை இரண்டு கையிலும் பிடித்துப் புரட்டுவாள். "தோளு போகாது" என்பாள். சுவையில் வேறுபாடு இருக்கிறதா என்றால், இருக்கிறது. புகை மணம் கொஞ்சம் குறைவு. முட்டை நன்றாகப் பிடித்திருக்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும். மாமாவிடம் இதைச் சொன்னதில்லை.

மாமாவின் எண்ணமோ வேறு. "சட்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்பார். "சட்டி பிடிச்சதாலதானேப்பா படிச்சேன்" என்பாள் அவள். இருவர் சொல்வதும் சரி என்றே எனக்குப் படுகிறது. நம் பெற்றோர் தோட்டத்தை விட்டு வந்ததும், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதும், பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து நிறுத்தியதும் நாம் அந்த வெப்பத்தில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தானே? அதே சமயம் அவர்கள் கையில் உள்ள வித்தையை நாம் எங்கே வைக்கப் போகிறோம்? வொக் ஹேய் பற்றி ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிக்கத் தெரிந்த எனக்கு இன்றுவரை குவாலியைப் பிடிக்கத் தெரியாது.

தோழி என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டேன். படித்து முடித்துக் கணக்காய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேருவாளாம். கடையை மூடவும் கூடாதாம். விலையை எட்டரையாக உயர்த்த வேண்டும், கடையை வாரம் ஐந்து நாளாகக் குறைக்க வேண்டும், அம்மாவுக்கும் பாட்டிக்கும் மாதச் சம்பளம் எழுத வேண்டும், அவர்கள் பெயரில் ஊழியர் சேமநிதியில் பணம் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். எட்டரை வெள்ளி கேட்டால் எத்தனை பேர் வருவார்கள்? அவளுக்கும் தெரியாது. மாமா அந்தப் பட்டியலை இன்னும் படிக்கவில்லை. பணப்பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கிறார்.

கடந்த விடுமுறையில் ஒரு சனிக்கிழமை இரவு நான் அங்கே சாப்பிடப் போனேன். மாமாவுக்குத் தோள்வலி கூடிவிட்டிருந்தது. மருந்தகத்தில் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். குவாலியில் தோழி நின்றாள். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். அவளிடத்தில், பணப்பெட்டிக்குப் பின்னால், மாமா உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வரும் சீன அங்கள் ஒருவர் வந்து, குவாலியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். தோழி இரண்டு சட்டுவத்தாலும் புரட்டி, தட்டில் கொட்டி, எலுமிச்சை வைத்துக் கொடுத்தாள். அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். எழுந்து போகும்போது, "தாபாவ் டுவா" என்று இரண்டு பொட்டலம் கேட்டார்.

மூன்று தட்டுக்கு இருபத்தொரு வெள்ளி. அவர் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினார். மாமா பெட்டியைத் திறந்து, பத்து வெள்ளித் தாள்கள் எந்த அறையில் இருக்கின்றன என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார். "இடது பக்கம்ப்பா" என்றாள் தோழி, திரும்பிப் பார்க்காமலே. அடுத்த இரண்டு தட்டுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.